உயரமா இருக்கான், எடுத்துக்கலாமா?

படப்பை பஜாரில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணா, பேஸ்கட்பால் பத்தியெல்லாம் எழுதுறது நீங்கதானே?"

திரும்பினால் ஒரு அம்மா. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். பக்கத்தில் அவருடைய பையன். பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருக்கிறான், உயரம் 6 அடி 2 அங்குலம். அவ்வளவு உயரத்தையும் எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாதவன் மாதிரி லேசாகக் கூன் போட்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் ஆடும் தளத்தில் அவனைப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. அங்கிருந்து வந்த கோச் ஒருவர், பையன் ஆடுவதைப் பத்து நிமிடம் பார்த்திருக்கிறார். "ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டு வருஷமும் ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பையன் பந்தைத் தொட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது.

"இந்த உயரத்துக்கு நாளைக்கு ரயில்வேயிலயே எடுத்துப்பாங்கன்னு சொல்றாருண்ணா. அனுப்பலாமா?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரம் என் மண்டைக்குள் ஓடியதுதான் இந்த வாரக் கட்டுரை.

ஒரு பையனைப் பார்த்து, இவன் நாளைக்கு என்ன ஆவான் என்று கணிப்பதை ஒரு தொழிலாகவே செய்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே என்.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக்கில் 30 அணிகள். வருஷத்துக்கு ஒருமுறை 'டிராஃப்ட்' நடக்கும். நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணம் கூவி எடுப்பது கிடையாது. வரிசைப்படி ஒவ்வோர் அணியும் ஒரு புது ஆட்டக்காரரின் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 பெயர். போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்குத்தான் முன்வரிசை. வேண்டுமென்றே தோற்றுவிட்டு முதல் ஆளாக வந்து நிற்கக் கூடாது என்பதற்காக, பிளே-ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குள் குலுக்கல் வைத்துவிடுகிறார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான்.

எடுப்பதற்கு முன்னால் பையன்களை அளக்கிற அளவைப் பார்த்தால், பெண் பார்க்கும் படலம் எல்லாம் ஒன்றுமே இல்லை. உயரம், கையை விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறான். அப்புறம் நேர்காணல், டாக்டர் பரிசோதனை, பழைய ஆட்டங்களின் வீடியோ. இத்தனையும் செய்துவிட்டு, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் பல முறை கோட்டை விட்டிருக்கிறார்கள்.

போர்ட்லாந்து என்று ஓர் அணி. அவர்கள் கதையை மட்டும் சொல்கிறேன், போதும்.

1984-ல் போர்ட்லாந்துக்கு இரண்டாவது இடம். முதல் இடத்திலிருந்த ஹூஸ்டன், ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்துவிட்டது. மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் சாம் போவி, 7 அடி 1 அங்குலம். இன்னொருவர் மைக்கேல் ஜோர்டன். போர்ட்லாந்திடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். ஜோர்டன் ஆடும் அதே இடத்து ஆட்டக்காரர். அணியில் இல்லாதது கூடைக்குக் கீழே நிற்கிற ஓர் உயரமான சென்டர். நம் வீட்டில் மிக்சி இருக்கிறது, கிரைண்டர்தான் இல்லை, எனவே கிரைண்டர் வாங்குவோம் என்கிற கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. போவியை எடுத்தார்கள். கல்லூரியிலேயே கால் எலும்பு முறிந்து இரண்டு சீசன் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தக் கால் கடைசி வரை அவரை விடவில்லை. மூன்றாவதாக நின்ற சிகாகோ, ஜோர்டனை எடுத்தது. ஆறு முறை சாம்பியன். 1992 இறுதிப் போட்டியில் சிகாகோவிடம் தோற்றது யார் தெரியுமா? போர்ட்லாந்துதான்.

அன்றிலிருந்து அமெரிக்காவில் இது ஒரு பாடமாகிவிட்டது. 'அணிக்கு எது இல்லை என்று பார்க்காதே, இருப்பதில் பெரிய திறமைசாலியை எடு' என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும்.

2007. அதே போர்ட்லாந்துக்கு இந்த முறை முதல் இடமே கிடைத்தது. கிரெக் ஓடன், 7 அடி. கெவின் டுரான்ட், ஒல்லிக்குச்சி. சோதனை நாளில் 185 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 84 கிலோ, அந்த எடையை டுரான்டால் ஒரு முறை கூடத் தூக்க முடியவில்லை. செய்தியில் எல்லாம் சிரித்தார்கள். பெரும்பாலான நிபுணர்களின் தீர்ப்பும் ஓடன்தான். எடுத்தார்கள். ஓடனின் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. மொத்த வாழ்க்கையிலும் அவர் ஆடியது 105 ஆட்டங்கள். எடை தூக்க முடியாத டுரான்ட், நான்கு சீசன்களில் லீக்கிலேயே அதிகம் புள்ளி எடுத்தவர், 2014-ல் லீக்கின் சிறந்த வீரர். கூடைப்பந்து ஆட்டத்தில் படுத்துக்கொண்டு எடை தூக்கும் வேலை எங்கேயும் வருவதில்லை என்பது அப்புறம்தான் பலருக்கு ஞாபகம் வந்தது.

ஆக, இடத்தைப் பார்த்து எடுத்தும் அடி. ஆளைப் பார்த்து எடுத்தும் அடி.

ஆனால் மூன்றாவது கதை ஒன்று இருக்கிறது. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பிடிக்கும்.

2014 டிராஃப்டில் டென்வர் அணிக்கு ஒரே இரவில் இரண்டு பெரிய உருவங்கள் கிடைத்தன. 16-வதாக எடுக்கப்பட்ட யூசுஃப் நுர்கிச். 41-வதாக நிகோலா யோகிச். இரண்டு பேரும் சென்டர். 2016-ல் இருவரையும் சேர்த்து ஆட விட்டுப் பார்த்தார்கள். ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைத்த மாதிரி ஆகிவிட்டது. கூடைக்குக் கீழே இருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தில் இரண்டு பேரும் நின்றால் யாருக்கும் மூச்சு விட வழி கிடையாது. டிசம்பரில் யோகிச்சை மட்டும் சென்டரில் நிறுத்தினார்கள். நுர்கிச் பெஞ்சில் உட்கார்ந்தார், முகம் தொங்கிப்போனது. 2017 பிப்ரவரியில் அவரைக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு? போர்ட்லாந்துக்கு.

அங்கே சென்டர் இடம் காலி. எதிரணி ஆளை மறித்துக்கொண்டு தூண் மாதிரி நின்று கொடுத்தால், அந்த மறைவிலிருந்து பந்தை எறியக்கூடிய இரண்டு கார்டுகள் ஏற்கெனவே இருந்தார்கள். நுர்கிச் போய் நின்றார். ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளி, 10 ரீபவுண்ட். மார்ச் மாதம் தன் பழைய அணி டென்வருக்கு எதிராகவே 33 புள்ளி. அந்த சீசனில் கடைசி பிளே-ஆஃப் இடத்தை டென்வரிடமிருந்து ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் போர்ட்லாந்து பறித்தது. டென்வருக்கும் நஷ்டமில்லை. ஓடத் தெரியாது, எம்பத் தெரியாது என்று 40 பேர் எடுக்கப்பட்ட பிறகு எடுக்கப்பட்ட யோகிச், மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர் ஆனார். 2023-ல் டென்வருக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார்.

டிசம்பரில் டென்வர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நுர்கிச்சும் மார்ச்சில் 33 புள்ளி எடுத்த நுர்கிச்சும் ஒரே ஆள். நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. மூன்று மாதத்தில் யாரும் புதிதாக ஆடக் கற்றுக்கொள்வதில்லை.

இதை நான் கூடைப்பந்தில் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். அப்ரென்டிஸ் பையன்களை எடுக்கும்போது, பலகையில் ஆணி சொருகுகிற ஒரு சோதனை வைப்போம். நேரம் பார்த்து மார்க். ஒரு பையன் முதல் மார்க் எடுத்து வந்தான். லைனில் போட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் பின்தங்குகிறான். சோதனை எல்லாம் சும்மா, ஆளை மாற்றுங்கள் என்று மேலிருந்து குரல் வந்துவிட்டது. லைன் லீடர் ஒருவர்தான் கவனித்தார், அவன் இடது கைக்காரன். அவன் நின்ற இடத்தில் டூல் தொங்கியது வலது பக்கம். அவனை வண்டிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். மறு வாரம் அந்த லைனிலேயே வேகமானவன் அவன். அவனைத் திருப்பி அனுப்புகிற காகிதத்தில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்திருந்தேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

சரி, நம் ஊர் ஆட்டத்துக்கு வருவோம். கூடைப்பந்தில் நமக்கு டிராஃப்ட் கிடையாது. கபடியில் ஏலம் இருக்கிறது. படப்பையில் கபடி தெரியாத ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்! தமிழ் தலைவாஸ் அணியின் 2019 சீசன் ஞாபகம் இருக்கிறதா? அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர், மோஹித் சில்லர், ரன் சிங். பெயர்களைப் படித்தாலே கோப்பை வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். டீக்கடையில் நானும் அப்படித்தான் பேசினேன். சீசன் முடிந்தபோது 12 அணிகளில் கடைசி.

பெயர் பெற்ற ரெய்டர்கள் இரண்டு பேருக்குமே தாங்கள் முன்னால் நின்று அணியை இழுத்துப் பழக்கம். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் என்ன செய்வது? டிஃபென்ஸில் அனுபவம் இருந்தது. ஆனால் சங்கிலி போட்டுப் பிடிக்க, பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்று பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். அது அனுபவத்தால் மட்டும் வராது, சேர்ந்து ஆடிய நாள் கணக்கால் வரும்.

2022-ல் தலைவாஸ் மறுபடியும் பெரிய விலை கொடுத்தது. பவன் செராவத், 2 கோடியே 26 லட்சம். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. சீசன் அவ்வளவுதான். நானும் போனை அணைத்துவிட்டுப் படுத்தேன். ஆனால் அவர் விட்ட இடத்தில் நரேந்தர் என்று ஒரு புதுப் பையன் ரெய்டுக்குப் போனான். முதல் சீசன் ஆடுகிறவன் 200-க்கும் மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். பின்னால் சாகர், சாஹில், அபிஷேக் என்று இளசுகள் பிடித்துக் கொடுத்தார்கள். தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது அந்த வருஷம்தான். நரேந்தரை ஏலத்தில் யாரும் கைதட்டி எடுக்கவில்லை. பவன் நல்லபடியாக ஆடியிருந்தால் நரேந்தருக்கு இத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா? இரண்டாம் ஆளாக, மூன்றாம் ஆளாகப் போயிருப்பான். இவன் சுமார்தான் என்று நானே எழுதியிருப்பேன்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். அந்த அம்மா கேட்டது அதைத்தானே.

இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள் சத்னாம் சிங். பஞ்சாபில் பல்லோ கே என்கிற சின்ன கிராமம். அப்பா விவசாயி, அவரும் ஏழடிக்கு மேல். பையனின் வளர்த்தியைப் பார்த்து லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார்கள். 2010-ல் உதவித்தொகையோடு அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிற ஒரு விளையாட்டுப் பள்ளிக்குப் போனான். போகும்போது ஆங்கிலமே தெரியாது. 2015 ஜூன் 25, டிராஃப்ட் இரவு. 52-வது பெயராக டல்லாஸ் அணி சத்னாமின் பெயரைச் சொன்னது. வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம். இங்கே பேப்பர் எல்லாம் கொண்டாடியது. நானும் கம்பெனி கேன்டீனில் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அந்த ஜூன் மாதத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்னால்தான் கோல்டன் ஸ்டேட் அணி சாம்பியன் ஆகியிருந்தது. எப்படி ஆனார்கள்? இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் தங்கள் ஏழடி சென்டரை உட்கார வைத்துவிட்டு, உயரம் குறைந்த, ஓடக்கூடிய ஐந்து பேரை இறக்கினார்கள். எதிரணியின் பெரிய உருவங்கள் துரத்த முடியாமல் திணறின. தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிகிற ஸ்டீஃபன் கரியின் காலம் ஆரம்பமாகிவிட்டது. (அந்தக் கரியையே 2009-ல் ஆறு பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். கரி ஆடும் அதே இடத்துக்கு மினசோட்டா அணி 5-வதாக ஒருவரையும் 6-வதாக ஒருவரையும் எடுத்தது, கரியை விட்டுவிட்டு. இதைக் கேட்டால் மினசோட்டாக்காரர்கள் இன்றைக்கும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.)

சத்னாமை வளர்த்ததெல்லாம் கூடைக்குக் கீழே நிற்கிற ஆட்டத்துக்கு. அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வீட்டையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டல்லாஸின் கீழ்நிலை அணியில் கொஞ்ச நாள் ஆடினார், என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. ஊர் திரும்பினார், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை வாங்கினார், பிறகு அமெரிக்காவில் மல்யுத்தக் காட்சி மேடையில் ஏறினார். அங்கே உயரத்துக்கு நல்ல மதிப்பு.

இதைச் சொல்வது உயரம் வேண்டாம் என்பதற்காக இல்லை. உயரம் இல்லாமல் இந்த ஆட்டம் கிடையாது. சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், கோட்டயத்துப் பெண், 6 அடி 2 அங்குலம். ஆஸ்திரேலியாவில் போய் ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் மூன்று அணிகள் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தன. அதே தெற்கு ரயில்வேயில் நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை, வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 19 வயதிலேயே இந்திய அணிக்கு கேப்டன், பிள்ளை பெற்ற பிறகும் திரும்பி வந்து நாட்டுக்கு ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ. கூடைக்குக் கீழே கீது கையை உயர்த்தினால் அந்தக் கைக்குச் சரியாகப் பந்து போய்ச் சேர வேண்டும். அதைச் சேர்க்கத் தெரிந்த ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் இல்லாத அணியில் 6 அடி 2 அங்குலம் என்பது டியூப்லைட் மாற்றத்தான் உதவும்.

நம் ஊரில் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்கு என்.பி.ஏ. என்பது ரயில்வே, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. மாதச் சம்பளம், குடும்பத்துக்கு மருத்துவம். அதனால்தான் அந்த அம்மாவின் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் முதலாளிக்குப் பணம் போகும். எடுக்கப்பட்டவனுக்குச் சம்பளமாவது மிஞ்சும். இங்கே 15 வயதில் ஊரை விட்டுப் போகிறவனுக்கு மிஞ்சுவது ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பையனையே ஒரு மணி நேரம் பார்த்தேன். நான் பார்ப்பது இவற்றைத்தான். பந்து கைக்கு வருவதற்கு முன்னால் தலை திரும்புகிறதா? வந்த பிறகு யோசிக்கிறவனுக்கு அரை நொடி எப்போதும் கடன். பந்தை இரண்டு கையாலும் வாங்குகிறானா, வயிற்றில் அணைத்துக்கொள்கிறானா? எம்பிக் கீழே வரும்போது முழங்கால்கள் உள்பக்கம் மடிகின்றனவா? எறிந்தது தவறினால் தலையில் கை வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? அப்புறம் வாய். டிஃபென்ஸில் பின்னால் நிற்கிற உயரமானவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அவன் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

நம் பையன் ஆறு முறை தவறவிட்டான், ஆறு முறையும் திரும்பி ஓடினான். அது பெரிய விஷயம். பந்தை வாங்கும் கை மென்மை. ஆனால் இடது பக்கம் போகவே தெரியாது. வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது முழங்கால்கள் லேசாக உள்ளே மடிந்தன. அதற்குப் பயிற்சி இருக்கிறது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். இன்னொன்றும் பார்த்தேன். அவன் போட்ட கூடைகளில் பாதிக்கும் மேல் ஒரே பையன் கொடுத்த பாஸ். ஐந்தரை அடிகூட இருக்க மாட்டான், இவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறவனாம். பந்து வருவதற்கு முன்னாலேயே அவன் தலை திரும்பிவிடுகிறது. வந்த கோச் அவன் பெயரைக் கூடக் கேட்கவில்லை.

சொன்னபடி சனிக்கிழமை அம்மாவைப் பார்த்தேன். அனுப்பு, அனுப்பாதே என்று சொல்லவில்லை. "அந்த கோச்சுக்குப் போன் போடுங்கம்மா. மூணு கேள்வி கேளுங்க" என்றேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டே பேசினார்.

"சார், உங்க டீம்ல இவன மாதிரி உயரமான பசங்க எத்தன பேர் இருக்காங்க?"

நான்கு பேர். இரண்டு பேர் ப்ளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள், இரண்டு பேர் இருக்கிறார்கள். பரவாயில்லை, ஆட இடம் இருக்கிறது. பத்தாவது உயரக்காரனாகப் போய் இரண்டு வருஷம் தண்ணீர் பாட்டில் தூக்குவதில் அர்த்தமில்லை.

"இவனுக்கு யாரு சார் தனியா சொல்லித்தருவாங்க? இவனுக்கு லெஃப்ட்ல ஆட வராதாமே?"

மறுமுனையில் ஒரு கணம் சத்தமில்லை. அப்புறம் அந்த கோச் சிரித்தார். "ஆமாம்மா, நானும் பாத்தேன். காலைல அஞ்சரைக்கு நானே நிப்பேன்" என்றார். பத்து நிமிடம் பார்த்தவர் என்று நான் அவரைக் கொஞ்சம் குறைவாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மூன்றாவது கேள்வியை அந்த அம்மா நான் சொல்லிக் கொடுத்த மாதிரி கேட்கவில்லை. அவர் பாணியில் கேட்டார். "சார், நாளைக்கே கால்ல ஏதாவது ஆகி ஆட முடியலன்னா, எம்புள்ளய பாதியில வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா? இல்ல, பரீட்ச எழுதுற வரைக்கும் சோறு போடுவீங்களா?"

"அது... கரஸ்பாண்டென்ட் சார்கிட்ட கேக்கணும்மா."

"கேட்டு, லெட்டர்ல எழுதிக் குடுங்க சார். அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் டீக்குக் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை, அவரே கொடுத்தார்.

இதை எழுதி முடிக்கும் இன்றைக்கு வரை கடிதம் வரவில்லை. ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பையன் சாயங்காலமானால் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் பந்து தட்டிப் பழகுகிறான். அந்த ஐந்தரை அடிக்காரன் எதிரில் நின்று, அவன் வாயைத் திறந்து கத்தினால்தான் பந்தைத் திருப்பித் தருகிறான்.